ஒன்பதாவது பந்து: சூரியக் குடும்பப் பெட்டி வாங்குமுன்

கோவை ஒப்பணக்கார வீதியில் தொடங்கி ஈரோடு, திருப்பூர், பொள்ளாச்சி வரை ஸ்டேஷனரி கடைகளில், பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சி சமயத்தில் அடுக்கி வைக்கிற சூரியக் குடும்பப் பெட்டி ஒன்று உண்டு. மேலட்டையில் என்ன பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான்: சூரியனுக்கு ஒரு பெரிய தெர்மாகோல் பந்து, அதைச் சுற்ற ஒன்பது சின்னப் பந்துகள், ஆறு நிறம், ஒரு பிரஷ், பிளாஸ்டிக் கைகள், பல்சக்கரம் வைத்த அடித்தட்டு, ஒரு மடிப்புத் தாள். விலை 300 ரூபாயை ஒட்டி. சூரியனுக்குள் விளக்கு எரிகிற வகை என்றால் நூறு, நூற்றைம்பது கூட.

எட்டுக் கோள்களைக் காட்ட இந்தப் பெட்டி சுமாராகப் போதும். இங்கே பார்க்கப்போவது ஒன்பதாவது பந்தை, புளூட்டோவை. பெட்டி அதிகமாகத் தவறுவது அதில்தான். ஆனால் கொஞ்சம் கம்பி, கொஞ்சம் களிமண், ஒரு மாலை நேரம் செலவழித்தால் பிள்ளைகள் அதிகமாகக் கற்றுக்கொள்வதும் அதில்தான். எனவே வாங்கலாம், தாளில் சொன்னபடி மட்டும் செய்ய வேண்டாம்.

முதலில் அந்தத் தாள். சிலதில் புளூட்டோ இன்னும் ஒன்பதாவது கோள். சிலதில் ‘கோள் பதவியை இழந்தது’ என்று ஒரு வரி. இரண்டாவதுதான் பெரிய தொந்தரவு. “அப்ப அது கெட்டுப் போச்சுங்களா டீச்சர்?” என்று பிள்ளை கேட்பது இந்த வரியால்தான். நடந்தது இதுதான்: 1930இல் அமெரிக்க வானியலாளர் கிளைட் டாம்பா புளூட்டோவைக் கண்டுபிடித்தபோது அந்தத் தொலைவில் வேறு எதுவும் தெரியவில்லை. 1992இலிருந்து நெப்டியூனுக்கு அப்பால் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. 2005இல் கிட்டத்தட்ட புளூட்டோ அளவுக்கே எரிஸ் அகப்பட்டது. அதன் பிறகுதான் 2006 ஆகஸ்ட் 24 அன்று, பிராக் நகரில் கூடிய சர்வதேச வானியல் ஒன்றியம் குறுங்கோள் என்ற வகையை வகுத்தது. புளூட்டோ சூரியனைச் சுற்றுகிறது, உருண்டையாகவும் இருக்கிறது. ஆனால் அது போகிற வழியில் அதைப்போல இன்னும் எத்தனையோ பேர். பிள்ளைகளிடம் இதைப் பெரிய கூட்டத்தில் நாம் முதலில் பார்த்த ஆள் என்று சொன்னால் போதும், உடனே பிடித்துக்கொள்வார்கள். தாளில் குறுங்கோள், சிறுகோள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பியிருந்தால் பேனாவால் திருத்திவிடுங்கள். சிறுகோள் என்பது பெரும்பாலும் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றுகிற, ஒழுங்கில்லாத உருவம் கொண்ட கற்கள்.

இன்னொரு குழப்பம் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கே உரியது. கோவிலில் நவகிரகம் ஒன்பது, பெட்டியிலும் பந்து ஒன்பது, அதனால் இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொள்வார்கள். அந்த ஒன்பதில் சூரியனும் சந்திரனும் ராகு கேதுவும் உண்டு; யுரேனஸ், நெப்டியூன், புளூட்டோ இல்லை. வண்ணம் பூச ஆரம்பிக்கும் முன்பே இதைச் சொல்லிவிடுவது நல்லது.

வண்ணத்துக்கு வருவோம். பெட்டிப் படத்தில் புளூட்டோ நீலம் அல்லது ஊதா. 2015 ஜூலை 14 அன்று நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் 12,500 கி.மீ. தொலைவில் கடந்து போனபோது எடுத்த படங்களில் அது வெளுத்த பழுப்பு. நடுக்கோட்டை ஒட்டி அங்கங்கே காய்ந்த ரத்தம் போன்ற செம்பழுப்புப் பட்டை. ஒரு பக்கம் இதய வடிவில் பளிச்சென்ற வெள்ளை. வெள்ளை நான்கு பங்குக்கு மஞ்சள் அரைப் பங்கு, காவி ஒரு சொட்டு கலந்தால் அடி நிறம் வந்துவிடும். செம்பழுப்பு வந்தது மீத்தேன் மேல் சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு. வெள்ளை இதயத்தின் இடது பாதி முழுக்க உறைந்த நைட்ரஜன் சமவெளி. பக்கத்து மலைகளோ தண்ணீர்ப் பனிக்கட்டி. அங்குள்ள மைனஸ் 230 டிகிரிக் குளிரில் அது பாறை மாதிரி இறுகிவிடுகிறது. அதில் ஒரு தொடருக்கு டென்சிங் என்று பெயர், உயரம் சுமார் 6 கி.மீ. நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான் என்று சேர்த்துச் சொல்லுங்கள், வாய் பிளப்பார்கள்.

பூசும்போது பந்தைப் பல்குத்தும் குச்சியில் செருகி, வாழைத்தண்டுத் துண்டில் நட்டு வையுங்கள். தெர்மாகோலுக்குத் தண்ணீர் வண்ணமோ அக்ரிலிக்கோ மட்டும்தான். எனாமல், ஸ்ப்ரே பெயின்ட், இன்ஸ்டன்ட் பசை மூன்றும் தெர்மாகோலை அரித்துக் குழி விழ வைக்கும். சின்னப் பந்து என்றால் ஒரே நிமிடத்தில் உருவமே போய்விடும். ஒட்டுவதற்கு வெள்ளைப் பசை போதும், காய மட்டும் ஓர் இரவு விடுங்கள்.

பெட்டியில் இல்லவே இல்லாதது சாரன். 1978இல் கண்டறியப்பட்ட புளூட்டோவின் பெரிய துணைக்கோள். புளூட்டோவின் குறுக்களவு 2,377 கி.மீ., சாரனுடையது 1,212. பாதிக்கு மேல்! ஆயிரம் கி.மீ.க்கு 1 செ.மீ. என்று வைத்துக்கொண்டு களிமண்ணில் 2.4 செ.மீ. உருண்டை ஒன்று, 1.2 செ.மீ. உருண்டை ஒன்று பிடியுங்கள். முதலாவது சின்ன நெல்லிக்காய் அளவு, இரண்டாவது சுண்டைக்காய் அளவு. நெல்லிக்காயையே எடுத்தால் ஈர்க்குச்சி கொட்டையில் முட்டி நின்றுவிடும், அதனால் களிமண்தான் சரி. இரண்டும் ஒரே மண்ணாக இருக்கட்டும். இரண்டையும் மெல்லிய ஈர்க்குச்சியின் இரு முனைகளில், மையத்துக்கு மையம் 19.6 செ.மீ. வரும்படி செருகுங்கள். இப்போது குச்சியில் நூலைக் கட்டி, சாயாமல் நிற்கிற இடத்தைத் தேடச் சொல்லுங்கள். புளூட்டோ உருண்டையின் மையத்திலிருந்து 2 செ.மீ.க்குச் சற்று அதிகமான தூரத்தில் நூல் நிற்கும். அதாவது உருண்டைக்கு வெளியே, காற்றில். குச்சியின் எடையால் சிறிது தள்ளிப் போகலாம், பரவாயில்லை. உண்மையிலும் இரண்டுக்கும் பொதுவான அந்தப் புள்ளி புளூட்டோவின் தரைக்கு வெளியேதான் இருக்கிறது. இரண்டும் அதைச் சுற்றித்தான் வருகின்றன. நூலைப் பிடித்து மெல்லச் சுழற்றினால் ஒன்றுக்கொன்று முகம் மாறாமல் சுற்றுவது தெரியும். ஒரு சுற்றுக்கு அங்கே 6.4 நாள். வெள்ளை இதயத்தைச் சாரனுக்கு நேர் எதிர்ப்பக்கம் வரையுங்கள், அது இருப்பது அங்கேதான். சாரன் சாம்பல் நிறம். வட முனையில் மட்டும் கொஞ்சம் காவி.

இந்த ஒரு குச்சிக்கு, பெட்டி மொத்தத்துக்கும் கொடுக்கிற மதிப்பெண்ணைவிட அதிகம் கொடுக்கலாம்.

அடுத்தது பாதை. பெட்டியில் எல்லாக் கையும் ஒரே மட்டத்தில், ஒரே வேகத்தில் சுற்றும். புளூட்டோவின் பாதை மற்றவற்றின் மட்டத்துக்கு 17 டிகிரி சாய்ந்தது. புளூட்டோவின் கையைக் கழற்றிவிட்டு ஹார்டுவேர் கடையில் ஜி.ஐ. கம்பி வாங்குங்கள். கட்டுக்கம்பி வேண்டாம், தொய்ந்துவிடும். 160 செ.மீ. வெட்டி, முனைகள் 3 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று வரும்படி சுற்றிக் கட்டினால் 25 செ.மீ. ஆரமுள்ள வளையம் கிடைக்கும். அதன் நடுவில் சூரியனை வைக்கக் கூடாது, 6.2 செ.மீ. தள்ளி வையுங்கள். புளூட்டோவின் பாதை கண்ணுக்கு ஏறக்குறைய வட்டம்தான், சூரியன்தான் ஒதுங்கியிருக்கிறது. இதே அளவில் நெப்டியூனுக்கு 19 செ.மீ. ஆரத்தில் இன்னொரு வளையம், மட்டமாக. புளூட்டோ வளையம் சூரியனுக்கு நெருங்கும் இடத்தில் 19 செ.மீ.க்கும் கொஞ்சம் குறைவாக வரும். 1979 முதல் 1999 வரை புளூட்டோ நெப்டியூனைவிடச் சூரியனுக்கு அருகில் இருந்தது இதனால்தான்.

“மோதிக்காதுங்களா?” என்ற கேள்வி உடனே வரும். நெருங்கும் பக்கத்தை நெப்டியூன் வளையத்துக்கு 5 செ.மீ. மேலே தூக்கிக் கட்டுங்கள், கேள்விக்குப் பாதிப் பதில் அதிலேயே தெரிந்துவிடும். மீதிப் பதில் கணக்கில்: நெப்டியூன் மூன்று சுற்று முடிக்கிற நேரத்தில் புளூட்டோ இரண்டு சுற்று, அதனால் அந்த இடத்துக்கு இரண்டும் ஒரே நேரத்தில் வருவதே இல்லை. எதிர்ப்பக்கம் வளையம் 8 செ.மீ.க்கு மேல் தாழும், மேசையில் இடிக்கும். அடித்தட்டை ஒரு செங்கல் மேல் வையுங்கள். பெரும்பாலும் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். மேசையில் இடிக்கிறதே என்று சாய்வைக் குறைத்துவிடுவார்கள்.

தொலைவைக் காட்ட எந்தப் பெட்டியாலும் ஆகாது, வெளியே போக வேண்டும். ஒரு கோடி கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் என்று வைத்தால் கணக்கு சுலபம். சூரியன் 14 செ.மீ. மஞ்சள் அட்டை வட்டம். 15 மீட்டரில் பூமி, சின்னக் கடுகு. 78 மீட்டரில் வியாழன், ஒரு கோலிக்குண்டு. 450 மீட்டரில் நெப்டியூன், ஒரு மிளகு. புளூட்டோ சராசரியாக 590 மீட்டரில், தூள் உப்பின் ஒரே ஒரு மணி. கறுப்பு அட்டையில் பசை தொட்டு, ஊசி முனையால் அந்த மணியை ஒட்டுங்கள். 2 மி.மீ. தள்ளி அதில் பாதியளவு துகள் ஒன்று, அது சாரன்.

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் என்றால் டேப் வேண்டியதில்லை. 25 அடிக்கு ஒரு மரம் வைத்த தென்னந்தோப்பில் பூமி இரண்டாவது மரம், வியாழன் பத்தாவது, நெப்டியூன் ஐம்பத்தொன்பதாவது, புளூட்டோ எழுபத்தேழைத் தாண்டி. வரிசை அவ்வளவு நீளம் இல்லையென்றால் திரும்பி அடுத்த வரிசையில் எண்ணுங்கள். நேராக இருக்கிறதே என்று வாய்க்கால் கரைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போக வேண்டாம், தண்ணீர் விட்டிருக்கும் மாதங்களில் கட்டாயம் வேண்டாம். இந்த அளவில் ஒளி செகண்டுக்கு 3 செ.மீ. நகரும், எறும்பு ஊர்கிற வேகம். புளூட்டோ போய்ச் சேர ஐந்தரை மணி நேரம் ஆகும்.

இதை மாலை ஐந்தரைக்கு மேல் தொடங்குவது நல்லது. பொழுது சாய்ந்த சில நிமிடத்தில் தோப்பில் இருக்கிற வெளிச்சம்தான் புளூட்டோவில் உச்சி நேர வெளிச்சம். புத்தகம் படிக்கிற அளவுக்கு இருக்கும். இருட்டே இருட்டு என்று சொல்லிக் கொடுக்கிறவர்கள் அதிகம், அது சரியில்லை.

கடைக்காரர் கூடவே பிளாஸ்டிக் தொலைநோக்கியும் எடுத்துக் காட்டுவார். நிலாவுக்கு ஆகும், புளூட்டோவுக்கு ஆகாது. நல்ல இருட்டான வானத்தில்கூட 25 செ.மீ. விட்டத்துக்கு மேல் கண்ணாடி உள்ள கருவி வேண்டும், தெரிந்தாலும் வெறும் புள்ளிதான்.

விளக்கு வைத்த வகையில் பொத்தான் பேட்டரி இருக்கும். மூடியில் திருகாணி உள்ளதா என்று பாருங்கள். வெறுமனே தள்ளித் திறக்கிற மூடி என்றால் வாங்க வேண்டாம். வீட்டில் சின்னப் பிள்ளை விழுங்கினால் ஒரு நிமிடம் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம் அது. அடித்தட்டின் நடுத் திருகாணியை முழுக்க இறுக்காதீர்கள், அரைச் சுற்று தளர்த்தி விடுங்கள். இறுக்கினால் பல்சக்கரம் வெடித்துவிடும், தனியாகக் கிடைக்காது. எட்டு வயதுக்கு மேல், ஒரு பெட்டிக்கு நான்கு பிள்ளைகள் சரியாக இருக்கும்.

காசு கொடுக்குமுன் கடையிலேயே பிரித்துப் பந்துகளை எண்ணுங்கள். சூரியனோடு பத்து இருக்க வேண்டும். மிகச் சின்னதென்பதால் அட்டை இடுக்கில் நழுவிக் காணாமல் போவது ஒன்பதாவதுதான்.