கிண்டியில் ஒரு நாள் ‘நெருக்கடி நேரத் தலைமை’ பயிற்சி: டீம் லீடை மட்டும் அனுப்பாதீர்கள்

ஓ.எம்.ஆர். பக்கம் ஐ.டி. சப்போர்ட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும், ராத்திரி சர்வர் படுத்துவிட்டால் பிரிட்ஜ் காலில், அதாவது பிரச்சினையைச் சரி செய்ய எல்லாரும் சேரும் போன் அழைப்பில், எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், சரி செய்ய உட்கார்ந்தவர் காதிலேயே கிளையன்ட்டும் கத்துவார், மேலே இருப்பவரும் “ஆச்சா, ஆச்சா” என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அதற்கு ஏதாவது வழி கிடைக்குமா என்றுதான் கிண்டியில் ஒரு ஹோட்டல் ஹாலில் நடந்த இந்த வகுப்புக்குப் போனேன். நடத்தியவர் ஓய்வுபெற்ற விமானி.

காலையில் முதல் பகுதி சுமார். மூச்சுப் பயிற்சி, நல்லதையே நினையுங்கள் என்கிற மாதிரி பேச்சு. அப்புறம் அவர் விமான விபத்துகளை எடுத்தார், ஹாலே நிமிர்ந்து உட்கார்ந்தது.

1978 டிசம்பர், அமெரிக்காவின் போர்ட்லேண்ட், யுனைடெட் 173. சக்கரம் சரியாக இறங்கியதா என்ற சந்தேகத்தில் சுமார் ஒரு மணி நேரம் வானத்திலேயே சுற்றினார்கள். எரிபொருள் குறைவதை உடன் இருந்தவர்கள் சொன்னார்கள், ஆனால் அழுத்திச் சொல்லவில்லை, கேப்டன் மனதில் அது ஏறவும் இல்லை. எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்ததில் 10 பேர் இறந்தார்கள். கவனம் இல்லாமல் இல்லை, மொத்தக் கவனமும் சக்கரத்திலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. கீழே இருப்பவர் தயங்காமல் பேசவும் மேலே இருப்பவர் காது கொடுக்கவும் விமான நிறுவனங்கள் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தது இதற்குப் பிறகுதான்.

2009இல் நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் இறங்கிய விமானம் இதற்கு நேர் எதிர். பறவைகள் மோதி இரண்டு இன்ஜினும் போனதும் கேப்டன் சல்லன்பெர்கர் விமானத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார், துணை விமானி ஸ்கைல்ஸ் இன்ஜினை மறுபடி ஓட வைக்கும் செக்லிஸ்ட்டைக் கையில் எடுக்கிறார். மோதியதிலிருந்து சுமார் மூன்றரை நிமிடத்தில் ஆற்றில் இறக்கினார்கள், 155 பேரும் பிழைத்தார்கள். நிதானம் என்பது பிறவிக் குணம் என்று நினைத்திருந்த எனக்கு, எதை யார் பார்ப்பது என்று பிரித்துவிட்டாலே பாதி நிதானம் வந்துவிடும் என்பது அங்கேதான் உறைத்தது.

மதியம் நடந்த ஒத்திகைக்கே முழுக் காசும் கொடுக்கலாம். பண்டிகை விற்பனை இரவில் பணம் கட்டும் வசதி நின்றுவிட்டதாக வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு துண்டுச்சீட்டில் தகவல் கொடுத்தார்கள். பக்கத்து மேசையில் காரணம் எழுதியிருந்த சீட்டு ஒரு இளம்பெண் கையில் இருந்தது, “சார், ஒரு நிமிஷம்” என்று அவர் பலமுறை ஆரம்பித்தும் யாரும் பேசவே விடவில்லை.

இப்போது எங்கள் டீமில் பிரிட்ஜ் கால் தொடங்கியதும், யார் சரி செய்வது, யார் கிளையன்ட்டிடம் பேசுவது, யார் நேரத்தைக் குறித்து வைப்பது என்று முதலில் சொல்லிவிடுகிறோம். சரி செய்பவரிடம் வேறு யாரும் பேசுவதில்லை. ரோல்பேக் (செய்த மாற்றத்தை நீக்கிப் பழைய நிலைக்கே திருப்புவது) பண்ணலாமா வேண்டாமா என்பதை, இருப்பதிலேயே ஜூனியரிடம் முதலில் கேட்கிறோம்.

ஒரே குறை, எங்கள் நிறுவனம் லீடுகளை மட்டும் அனுப்பியது. பேசத் தயங்குகிற ஆளும் அதே ஹாலில் இருந்திருக்க வேண்டும். தனியாளாகக் கட்டினால் கட்டணம் கனம்தான், நிறுவனத்தில் கேட்டு டீமாகவே போங்கள். காலைப் பகுதியைப் பாதியாகக் குறைத்து இன்னொரு ஒத்திகை வைத்தால் தாராளமாக ஐந்து நட்சத்திரம் கொடுப்பேன், இப்போதைக்கு நான்கு.