ராம் 2500-க்கு நாக்ஸ் சென்சார்: டீலரா, தயாரிப்பாளரா, மலிவுப் பாகமா?

நாக்ஸ் சென்சார், அதாவது புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளை (நாக்ஸ்) அளக்கும் கருவி, போய்விட்டது என்று மெக்கானிக் சொன்னதும் டீசல் பிக்கப் வைத்திருப்பவர் முன்னால் நான்கு வழிகள் வந்து நிற்கின்றன. டீலரிடம் வாங்கும் அசல் பாகம்; அந்தச் சென்சாரைச் செய்யும் நிறுவனமே தன் பெயரில் விற்பது; இணையத்தில் நூறு டாலரை ஒட்டிக் கிடைக்கும் பெயர் தெரியாத பாகம்; புகைக்கட்டுப்பாட்டையே பிடுங்கிவிட்டு மென்பொருளை மாற்றிக்கொள்வது. என் தேர்வு இரண்டாவது. மூன்றாவதை ஏன் தொடக்கூடாது என்பதில்தான் சொல்ல நிறைய இருக்கிறது.

அமெரிக்காவில் ஓடும் ராம் 2500 டீசல் பிக்கப்பையே எடுத்துக்கொள்கிறேன். அதன் 6.7 லிட்டர் கம்மின்ஸ் இன்ஜினுக்கு 2013 மாடலிலிருந்து, புகையிலுள்ள நாக்ஸைக் குறைக்க யூரியா கரைசல் தேவைப்படுகிறது. புகைக்குழாயில் இரண்டு நாக்ஸ் சென்சார்கள். முன்னது இன்ஜின் வெளியிடும் நைட்ரஜன் ஆக்சைடுகளை அளக்கிறது. பின்னது யூரியாவும் வினையூக்கியும் வேலை செய்த பிறகு மிஞ்சுவதை அளக்கிறது. எவ்வளவு யூரியா தெளிக்க வேண்டும் என்று கணினி முடிவு செய்வது இவற்றை நம்பித்தான். கோளாறைச் சரிசெய்யாமல் ஓட்டிக்கொண்டே போனால் எச்சரிக்கைகள் ஏறி, கடைசியில் வண்டி மணிக்கு 5 மைலுக்கு மேல் போகாது. பலரும் அவசரப்பட்டுக் கையில் கிடைத்ததை வாங்குவது இந்தப் பயத்தால்தான்.

வாங்குவதற்கு முன் வண்டியின் கணினி காட்டும் கோளாறு எண்ணைப் பாருங்கள். பி2202, பி229இ போன்றவை சென்சாரின் மின்சுற்றையே குறிப்பவை. பி20இஇ அப்படியல்ல, நாக்ஸ் போதிய அளவு குறையவில்லை என்று மட்டுமே அது சொல்கிறது. யூரியா தெளிப்பானில் உப்புப் படிந்திருக்கலாம், கரைசல் பழசாகியிருக்கலாம், புகைக்குழாயில் கசிவு இருக்கலாம். அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு சென்சாரை மாற்றுவது பெரும்பாலும் வீண் செலவு.

இப்போது மலிவுப் பாகம். நாக்ஸ் சென்சாரின் முனையில் இருப்பது சிர்கோனியா பீங்கான். சுமார் 800 டிகிரி செல்சியஸில் சூடேறிய நிலையில் அது வேலை செய்கிறது. உள்ளே இரண்டு சிறிய அறைகள்: முதலாவதில் ஆக்சிஜன் வெளியேற்றப்படுகிறது, இரண்டாவதில் நைட்ரிக் ஆக்சைடு பிளந்து, அதிலிருந்து வரும் ஆக்சிஜன் மிக நுண்ணிய மின்னோட்டமாக அளக்கப்படுகிறது. இவ்வளவு சிறிய அளவைச் சரியாகப் படிக்க, ஒவ்வொரு முனையும் தன் வயரின் மறுமுனையில் உள்ள மின்னணுப் பெட்டியோடு சேர்த்தே தொழிற்சாலையில் அளவு திருத்தப்படுகிறது. வயரை வெட்டிப் புது முனையை மட்டும் ஒட்ட முடியாததும் இதனால்தான். நூறு டாலர் பாகத்தில் இந்த அளவுதிருத்தம் எவ்வளவு கவனமாக நடந்தது என்று வாங்குபவருக்குத் தெரிய வழியில்லை.

செத்துப்போன சென்சாரைவிடத் தவறாக அளக்கும் சென்சார் ஆபத்தானது. செத்தது தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். முன் சென்சார் கொஞ்சம் கூட்டிக் காட்டினால் கணினி யூரியாவை அதிகம் தெளிக்கும். யூரியாவிலிருந்து உண்டாகும் அம்மோனியா மிஞ்சி, வினையூக்கியைத் தாண்டி வரும். பின் சென்சாருக்கு அம்மோனியாவையும் நாக்ஸையும் பிரித்தறியத் தெரியாது. அது நாக்ஸ் அதிகம் என்று சொல்ல, பி20இஇ வரும். பழி நல்ல நிலையில் இருக்கும் வினையூக்கியின் மேல் விழும். அதை மாற்ற ஆயிரக்கணக்கான டாலர் ஆகும். இருநூறு, முந்நூறு டாலர் மிச்சம் பிடிக்கப் போய் இந்தக் குழியில் விழுபவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

தயாரிப்பாளர் பாகத்தில் இந்தக் கவலை இல்லை. டீசல் வண்டிகளில் பரவலாக உள்ள நாக்ஸ் சென்சார்களுக்குப் பீங்கான் முனையை ஜப்பானின் என்ஜிகே நிறுவனமும் மின்னணுப் பகுதியைக் கான்டினென்டலும் செய்து வந்தன. கான்டினென்டலின் அந்தப் பிரிவு 2021-இல் விடெஸ்கோ என்று தனியே பிரிந்து, 2024-இல் ஷாஃப்லருடன் இணைந்தது. பெட்டியில் பெயர் மாறியிருப்பதைப் பார்த்துப் போலி என்று பயப்பட வேண்டாம். பழைய சென்சாரின் மின்னணுப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணோடு புதியதன் எண்ணை ஒப்பிடுங்கள். முன் சென்சாரும் பின் சென்சாரும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், எண் வேறு.

அப்படியானால் டீலர் எதற்கு? வாரண்டிக்கு. 2013 முதல் 2019 வரையிலான ராம் 2500, 3500 வைத்திருப்பவர்கள் காசு எடுப்பதற்கு முன் டீலரைத் தொலைபேசியில் கேட்டுவிட வேண்டும். புகைக்கட்டுப்பாட்டை ஏய்க்கும் மென்பொருள் குறித்த வழக்கில் கம்மின்ஸ் 2024-இல் 167.5 கோடி டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொண்டது. அந்த உடன்பாட்டின்படி திரும்ப அழைத்துச் சரிசெய்யப்பட்ட வண்டிகளுக்கு நீட்டித்த வாரண்டி உண்டு. உங்கள் வண்டிக்கும் இந்தச் சென்சாருக்கும் அது பொருந்துகிறதா என்று வண்டியின் அடையாள எண்ணைக் (VIN) கொடுத்துக் கேளுங்கள். பொருந்தினால் மற்ற ஒப்பீடு எதுவும் தேவையில்லை.

புகைக்கட்டுப்பாட்டைப் பிடுங்கும் நான்காவது வழி சட்டவிரோதம். அமெரிக்கத் தூய காற்றுச் சட்டம் அதைத் தடை செய்கிறது. சட்டம் தடுக்காவிட்டாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பத்தாண்டுகளில் 5,50,000-க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்களில் புகைக்கட்டுப்பாடு பிடுங்கப்பட்டதாக அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020-இல் மதிப்பிட்டது. அந்த வண்டிகள் தம் ஆயுளில் கூடுதலாக வெளியிடும் நாக்ஸ் 5,70,000 டன். ஆஸ்துமா உள்ள குழந்தைகளும் சுவாசிக்கும் காற்று அது.

பாகம் வந்ததும் மாற்றுவது பெரிய வேலையில்லை. இன்ஜினை அணைத்த பிறகும் யூரியா பம்ப் சிறிது நேரம் ஓடிக் குழாயைக் காலி செய்யும். அது அடங்கிய பிறகே பாட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். முனையைக் கழற்ற 22 மில்லிமீட்டர் ஸ்பேனர் போதும். மறையில் தடவும் பசை பீங்கான் முனையில் படக்கூடாது. பழைய கோளாறு எண்ணை அழித்து, புதிய சென்சாரை ஏற்கும்படி கணினியில் மீட்டமைக்க அந்த வண்டிக்கேற்ற ஸ்கேனர் வேண்டும். அது இல்லாதவர்கள் பாகத்தைத் தாங்களே வாங்கிக் கொடுத்து, பொருத்தும் வேலையை மட்டும் டீசல் பட்டறையில் விடலாம்.