சாட்ஸ்வொர்த் வீட்டுக்கு அடுத்த கன்சோல் எது?

தீபாவளிக்கு வந்திருந்த அக்கா மகன் டிவிக்குக் கீழே இருந்த டிஸ்க்குகளை எல்லாம் தரையில் பரப்பி உட்கார்ந்துவிட்டான். "மாமா, அடுத்த பிளேஸ்டேஷன்ல இதெல்லாம் ஓடுமா?" கையில் ஒரு பழைய ஃபிஃபா டிஸ்க். உறையின் மூலை உடைந்து செல்லோடேப் ஒட்டியிருக்கும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து அதே ஊர் ஃபீனிக்ஸில் சித்தப்பா வீட்டுக்குப் போய், அங்கிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் போய், ஒரு வருஷம் கழித்துத் திரும்பி வந்த டிஸ்க் அது. மூன்று வீட்டுப் பிள்ளைகள் விளையாடியதற்கு ஒரே ஒரு தடவைதான் காசு கொடுத்தோம்.

அவன் கேட்டதைத்தான் நானும் கேட்கிறேன். எத்தனை டெராஃபிளாப் (கணக்குப் போடும் வேகம்) என்பதெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம். டிஸ்க் கைமாறுமா, கரண்ட் போய் வந்தால் தாங்குமா, நம் நாட்டுக் காசான ரேண்டில் என்ன விலைக்கு வரும், இந்த மூன்றுக்கும் பதில் வேண்டும்.

முதலில் பிளேஸ்டேஷன் செய்யும் சோனி. பிஎஸ்3 (பிளேஸ்டேஷன் 3) 2006-ல், பிஎஸ்4 2013-ல், பிஎஸ்5 2020-ல் வந்தன. அதே ஏழு வருஷக் கணக்கில் அடுத்தது 2027 வாக்கில் வரவேண்டும். தேதி அறிவிப்பு என்று எதையும் நம்பி நான் இதைச் சொல்லவில்லை. 2025 அக்டோபரில் பிளேஸ்டேஷனை வடிவமைக்கும் மார்க் செர்னியும் சிப் கம்பெனியான ஏஎம்டியின் ஜாக் ஹுயினும் சேர்ந்து ஒரு வீடியோவில், இரண்டு கம்பெனியும் கூட்டாகச் செய்யும் 'புராஜெக்ட் அமெதிஸ்ட்' பற்றி விளக்கினார்கள். ஒளி எப்படி விழுந்து சிதறுகிறது என்று கணக்குப் போடும் வேலைக்குத் தனி வன்பொருள், குறைந்த பிக்சலில் வரைந்து ஏஐ மூலம் கூர்மையாக்கும் முறை, மெமரிக்குப் போய்வரும் தரவைச் சுருக்கும் உத்தி என்று மூன்று விஷயம். இவை இப்போதைக்கு சிமுலேஷனில் மட்டுமே இருக்கின்றன என்று செர்னியே சொன்னார். சில வருஷங்களில் ஒரு கன்சோலுக்குக் கொண்டுவர ஆசை என்றும் சொன்னார். வெறும் வேகத்தைக் கூட்டுவதை விட்டு வேலையைப் புத்தியாகச் செய்ய வைப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. கரண்ட் குறைவாக இழுக்கும் பெட்டி அந்த வழியில்தான் கிடைக்கும்.

என் பயம் வேறு. 2024 நவம்பரில் வந்த பிஎஸ்5 புரோவில் டிஸ்க் டிரைவே கிடையாது, தனியாக வாங்கி மாட்ட வேண்டும். அடுத்த பெட்டியிலும் அதே கதை என்றால், அக்கா மகன் தரையில் பரப்பிய அடுக்கு வெறும் பிளாஸ்டிக். இன்றைக்கு டிரைவ் உள்ள பிஎஸ்5-ல் பிஎஸ்4 டிஸ்க் பெரும்பாலும் ஓடுகிறது. அந்தச் சங்கிலி அறுந்துவிடக் கூடாது.

மைக்ரோசாஃப்ட் போகும் பாதை முற்றிலும் வேறு. 2025 ஜூனில், அதன் எக்ஸ்பாக்ஸ் கன்சோல் பிரிவுக்கு அப்போது தலைவராக இருந்த சாரா பாண்ட் ஏஎம்டியுடன் பல வருஷ ஒப்பந்தத்தை அறிவித்தபோது, அடுத்த எக்ஸ்பாக்ஸ் ஒரே கடைக்குள் பூட்டிக் கிடக்காது, ஏற்கெனவே வாங்கிய கேம்களும் கூடவே வரும் என்றார். அதே வருஷம் அக்டோபரில் வந்த 'ஆர்ஓஜி எக்ஸ்பாக்ஸ் அலை' (Ally) அந்தப் பக்கம் வைத்த முதல் அடி. எக்ஸ்பாக்ஸ் முகப்போடு கையடக்கத்தில் வந்த விண்டோஸ் பிசி அது. பிசி கடைகள் டிவி முன்னால் வந்துவிட்டால் நமக்கு நல்ல லாபம், ஏனென்றால் வால்வ் கம்பெனியின் ஆன்லைன் கடையான ஸ்டீமில் விலை ரேண்டிலேயே வருகிறது, தள்ளுபடிக் காலத்தில் பாதிக்கும் கீழே இறங்குகிறது. ஆனால் அந்த வழியில் வாங்குவது எதையும் ஃபீனிக்ஸுக்குக் கொடுத்தனுப்ப முடியாது. மாதச் சந்தாவில் பல கேம் தரும் மைக்ரோசாஃப்டின் கேம் பாஸைச் சொல்வீர்கள். அமெரிக்காவில் அதன் அல்டிமேட் சந்தா ஒரே அடியில் 19.99 டாலரிலிருந்து 29.99-க்கு ஏறியதைப் பார்த்த பிறகு, சந்தாவை நம்பி வீட்டு பட்ஜெட் போட எனக்கு மனசு வரவில்லை.

'எல்லாம் கிளவுடில் வந்துவிடும், பெட்டியே வேண்டாம்' என்பவர்களுக்கு ஒன்று. தென்னாப்பிரிக்காவில் சோனியின் சந்தாவான பிளேஸ்டேஷன் பிளஸின் உச்சப் படி டீலக்ஸ்தான். கேமை கிளவுடில், அதாவது தூரத்து சர்வரில் ஓட்டி நெட் வழியாகக் காட்டும் ஸ்ட்ரீமிங் உள்ள பிரீமியம் இங்கே கிடையாது.

இனி கரண்ட். 2023-ல், முறை வைத்துக் கரண்டை நிறுத்தும் லோட் ஷெட்டிங் மிக மோசமாக இருந்த வருஷம், என் பிஎஸ்4 அப்டேட் ஆகிக்கொண்டிருக்கும்போது லைன் போனது. இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது 'டப்' என்று ஒரு சத்தம், பின்பக்கம் கருகிய வாசனை. பவர் சப்ளை போயிருந்தது. அன்றையிலிருந்து எல்லாம் கரண்ட் எகிறினால் தடுக்கும் சர்ஜ் பிளக்கில்தான். கரண்ட் போனால் கைகொடுக்கும், பேட்டரி வைத்த இன்வெர்ட்டர் டிராலிக் கணக்கையும் சொல்கிறேன்: 12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் லெட்-ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் பயமில்லாமல் எடுக்கலாம், அதாவது சுமார் 600 வாட்-அவர். பெரிய கேம் ஓடும்போது பிஎஸ்5 கிட்டத்தட்ட 200 வாட், டிவி ஒரு 100 வாட். இரண்டு மணி நேரத்தில் பேட்டரி காலி. அடுத்த தலைமுறைப் பெட்டி 300 வாட் இழுத்தால் பாதி மேட்ச்சில் இருட்டு. 2024 மார்ச்சுக்குப் பிறகு நிலைமை எவ்வளவோ தேறியது, ஆனாலும் 2025 தொடக்கத்தில் லோட் ஷெட்டிங் திரும்ப வந்து எட்டிப் பார்த்ததே.

இந்த ஒரு விஷயத்தில் நின்டெண்டோ எல்லோரையும் முந்திவிடுகிறது. 2025 ஜூன் 5-ல் வந்த ஸ்விட்ச் 2 ஏற்கெனவே அடுத்த தலைமுறைதான், யாருக்காகவும் காத்திருக்கவில்லை. கரண்ட் போனால் டிவியோடு இணைக்கும் டாக்கிலிருந்து உருவிக்கொண்டு வராண்டாவுக்குப் போகலாம். கேமைப் பொறுத்து 2 முதல் 6.5 மணி நேரம் தாங்கும் என்கிறது கம்பெனி. பழைய ஸ்விட்ச் கார்ட்ரிட்ஜும் பெரும்பாலும் ஓடும். குறை என்றால் 'கேம்-கீ கார்டு': கார்டுக்குள் கேம் இல்லை, சாவி மட்டும்தான், முழுதும் டவுன்லோட் செய்ய வேண்டும். ஆனாலும் கார்டை இன்னொருவருக்குக் கொடுக்கலாம், விற்கலாம். பாதி டிஸ்க் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டீம் கடை நடத்தும் வால்வின் கன்சோல் மாதிரிப் பெட்டியான ஸ்டீம் மெஷினும் ஆசை காட்டுகிறது. ஆனால் அதன் கையடக்கமான ஸ்டீம் டெக்கையே வால்வ் நம் நாட்டில் நேராக விற்றதில்லை. இறக்குமதி செய்பவரிடம் வாங்கி, பழுதானால் யாரிடம் போய் நிற்பது? இப்போதைக்கு விட்டுவிடுகிறேன்.

விலைதான் எனக்கு உண்மையான கவலை. பிஎஸ்5 இங்கே 11,999 ரேண்டுக்கு வந்தது. முன்பெல்லாம் ஐந்து வருஷத்தில் கன்சோல் விலை இறங்கும், இந்தத் தலைமுறையில் ஏறியது. 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் புரோ 749.99 டாலர் ஆனது. டாலருக்கு 17.50 ரேண்ட் போட்டு 15 சதவீத வாட் வரி சேர்த்தால் 15,000 ரேண்டைத் தாண்டுகிறது, கப்பல் கூலியும் கடைக்காரர் லாபமும் அதற்கு மேலே. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை வாரிக்கொண்டு போவதால் அடுத்த பெட்டி இதற்குக் கீழே வரும் என்று நான் நினைக்கவில்லை.

அக்காவிடம் சொன்னது இதுதான். பையனுக்கு இப்போதே வேண்டுமென்றால் பிளாக் ஃபிரைடேயில் டிரைவ் உள்ள பிஎஸ்5. அட்டைப்பெட்டியில் 'டிஜிட்டல்' என்று இருந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் தொடாதே. கூடவே ஒரு சர்ஜ் பிளக். அடுத்த பிளேஸ்டேஷனில் டிரைவ் இருக்கிறது என்று சோனி சொல்லும் நாளில் நானே உண்டியலை உடைக்கிறேன். பையன் போகும்போது அந்த ஃபிஃபாவோடு இன்னும் மூன்று டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டான்.