ஆர்க்கெஸ்ட்ரா கேட்க எங்கே போவது: மும்பையா, பெர்லினா, ஆரோவில்லா?

2025 மார்ச் 8 அன்று இளையராஜா லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவுடன் தம் சிம்பொனியை (பல பகுதிகள் கொண்ட பெரிய ஆர்க்கெஸ்ட்ராப் படைப்பை) அரங்கேற்றிய பிறகு, இங்கே பலருக்கும் ஓர் ஆசை பிறந்திருக்கிறது: மேற்கத்திய செவ்வியல் இசை வாசிக்கும் முழு ஆர்க்கெஸ்ட்ரா ஒன்றை ஒருமுறையாவது நேரில் கேட்டுவிட வேண்டும். புதுச்சேரிக்காரருக்கும் கடலூர்க்காரருக்கும் இதற்கு மூன்று வழிகள் உண்டு. மும்பைக்குப் போகலாம். வீட்டிலிருந்தே பெர்லின் பில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவின் இணைய ஒளிபரப்புக்குச் சந்தா கட்டலாம். ஆரோவில்லில் கிடைப்பதைக் கேட்கலாம். இதே பணத்தையும் இதே விடுப்பையும் கேட்டுக்கொண்டு சென்னையின் மார்கழிக் கச்சேரி சீசன் வேறு குறுக்கே வரும்.

மும்பை நரிமன் பாயிண்டில் உள்ள என்.சி.பி.ஏ. என்ற கலை மையம் 2006இல் தொடங்கியது சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா. வழக்கமாக பிப்ரவரி வாக்கில் ஒன்று, செப்டம்பர் வாக்கில் ஒன்று என ஆண்டுக்கு இரண்டு சீசன்கள். நிரந்தரமாக மும்பையில் இருக்கும் கலைஞர்கள் ஒரு பகுதிதான். சீசனுக்கென்று வெளிநாட்டிலிருந்து வந்து சேர்பவர்கள் நிறைய. அதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. என்.சி.பி.ஏ.வின் ஜம்ஷெட் பாபா அரங்கில் உட்கார்ந்து கேட்கும்போது அந்தக் குறை நினைவுக்கு வருவதில்லை.

இந்த சீசன் அட்டவணையை நம் சபா அட்டவணை மாதிரி படிக்கக் கூடாது. மார்கழியில் நாம் ஆளைப் பார்த்து டிக்கெட் எடுக்கிறோம். அவர் தோடி பாடுவாரா, காம்போதி பாடுவாரா என்பது பல நாள் பக்கவாத்தியக்காரருக்கே மேடையில்தான் தெரியும். ஆர்க்கெஸ்ட்ராவில் பல வாரங்களுக்கு முன்பே எல்லாம் அச்சாகிவிடும்: என்ன படைப்பு, முன்னால் நின்று ஆர்க்கெஸ்ட்ராவை நடத்துபவர் யார், தனி வாசிப்பு யாருடையது. ஆகவே படைப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். முதல் தடவைக்கு பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியோ துவோர்ஷாக்கின் ஒன்பதாவதோ வந்தால் யோசிக்க வேண்டாம். இரண்டுமே முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மாலரின் மூன்றாவது சிம்பொனி ஒன்றரை மணி நேரம் நீளும். அதை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

பெர்லின் பில்ஹார்மோனிக்கின் இணைய அரங்கம் இதற்கு நேர்மாறு. ஆகஸ்ட் இறுதியில் தொடங்கி ஜூன் வரை சீசன். அதில் சுமார் நாற்பது கச்சேரிகள் நேரலை. 2019 முதல் கிரில் பெட்ரென்கோ தலைமை நடத்துநர். பழைய பதிவுகள் முன்னாள் தலைமை நடத்துநர் காரயான் காலம் வரை பின்னோக்கிப் போகின்றன. மாதச் சந்தா மும்பைப் பயணச் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது. தொல்லை கடிகாரம்தான்: அங்கே இரவு எட்டு மணி என்றால் கோடையில் நமக்குப் பதினொன்றரை, அக்டோபர் கடைசிக்குப் பிறகு பன்னிரண்டரை. மறுநாள் அலுவலகம் இருப்பவர் பதிவு ஏறும்வரை பொறுத்துக் கேட்பதே நல்லது.

பெர்லினுக்கு ஒரு பெருமை உண்டு, மும்பையால் தர முடியாதது. ஓபோ என்ற குழல் வாத்தியம் ஒலிக்கத் தொடங்கும் நொடியில் கேமரா ஓபோக்காரரைக் காட்டும். எந்த ஒலி எங்கிருந்து வருகிறது என்று புதியவருக்கு இதைவிட நன்றாக யாரும் சொல்லிக் கொடுக்க முடியாது. ஆனால் டிவி ஸ்பீக்கரில் டபுள் பாஸ் என்ற கனத்த ஒலித் தந்தி வாத்தியம் செத்துப்போகும். நல்ல ஹெட்போன் இல்லாமல் சந்தா கட்டுவது வீண். ஆண்டுச் சந்தா எனக்குத் தேவையாகத் தோன்றவில்லை. ஃபிராங்க்ஃபர்ட் வானொலி ஆர்க்கெஸ்ட்ரா தன் கச்சேரிகளை யூடியூபில் இலவசமாகவே போடுகிறது.

ஆரோவில்லை ஆர்க்கெஸ்ட்ராக் கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை. பியானோ, இரண்டு மூன்று தந்தி வாத்தியங்கள், சில சமயம் சேர்ந்திசை, அவ்வளவுதான். ஆண்டு அட்டவணை எதிர்பார்க்க வேண்டாம்; அறிவிப்பு கண்ணில் பட்டதும் வண்டியை எடுக்க வேண்டியதுதான். பெரும்பாலும் டிக்கெட் இல்லை. சிறிய கூடத்தில் மைக் இல்லாத செல்லோவை (வயலினின் பெரிய உறவு) நாலடி தூரத்தில் கேட்பது காதுக்கு நல்ல பயிற்சி.

மைக் என்றதும் மார்கழி. சென்னை மியூசிக் அகாடமி சீசன் டிசம்பர் 15 முதல் ஜனவரி 1 வரை, ஈ.சி.ஆர். வழியாக மூன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். இசையில் குறை சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை, ஆசையும் இல்லை. ஒலிபெருக்கியைப் பற்றித்தான் மனக்குறை. சென்ற மார்கழியில் ஒரு சபாவில் மிருதங்கம் நெஞ்சில் அறைந்தது. தம்புரா இருந்ததாகவே தெரியவில்லை. எழுபது எண்பது பேர் ஒலிபெருக்கி இல்லாமல் வாசித்து ஆயிரம் பேர் அரங்கை நிரப்புவதைக் கேட்ட காதுக்கு இது உறுத்தத்தான் செய்யும்.

பணமும் விடுப்பும் ஒரே ஒரு முறைக்குத்தான் என்றால் நான் மும்பையைச் சொல்வேன், அதுவும் பிப்ரவரியை. செப்டம்பரில் அங்கே மழை முழுதாக விட்டிருக்காது. கிளம்புவதற்கு முந்தைய மாதம் மட்டும் பெர்லினுக்குச் சந்தா கட்டி, அதே படைப்பை நான்கைந்து முறை கேட்டுவிட்டுப் போங்கள். அவசரமில்லாதவருக்குப் புதுச்சேரியிலிருந்தே தாதர் வரை சாளுக்யா எக்ஸ்பிரஸ் இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள், ஒரு பகல் ஓர் இரவுக்கு மேல் பயணம். அங்கிருந்து லோக்கலில் சர்ச்கேட், பிறகு டாக்சி.

இருக்கை விஷயத்தில் சபா வழக்கத்தை மறந்துவிடுங்கள். இங்கே முதல் வரிசை கௌரவம். அங்கே முதல் வரிசையில் வயலின்காரர்களின் காலணிதான் நன்றாகத் தெரியும். பின்னால் இருக்கும் ஹார்னும் டிரம்பெட்டும் கண்ணில் படாது. இத்தகைய அரங்குகளில் பொதுவாக மேல்தளத்தில் எல்லா ஒலியும் சேர்ந்து வரும், டிக்கெட்டும் மலிவு. ஒரு பகுதி முடிந்ததும் பக்கத்தில் இருப்பவர் கைதட்டாவிட்டால் நீங்களும் தட்டாதீர்கள்; இன்னும் இரண்டு மூன்று பகுதிகள் பாக்கி இருக்கும்.