நைட்ரஜன் உலோகத்தோடு பிணைவது முனையாலா, பக்கவாட்டிலா?

முனைப் பிணைப்பில் நைட்ரஜன் மூலக்கூறின் (N₂) இரு அணுக்களில் ஒன்று மட்டுமே உலோகத்தைத் தொடும். 1965-இல் ஆலனும் செனாஃபும் அறிவித்த ருத்தேனியம் பென்டாஅம்மின் அணைவு (உலோகத்தைச் சுற்றி மூலக்கூறுகள் பிணைந்த சேர்மம்) இந்த வகைதான். தனி வாயுவில் 1.10 ஆங்ஸ்ட்ராமாக (ஒரு ஆங்ஸ்ட்ராம் மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) இருக்கும் நைட்ரஜன்–நைட்ரஜன் பிணைப்பு இதில் சற்றே நீளும், அவ்வளவுதான்.

பக்கவாட்டில் இரு அணுக்களும் உலோகத்தைத் தொடும். பெரும்பாலும் இரு உலோகங்களுக்கு நடுவே. இதில் சிர்க்கோனியம்தான் அருமையான பாடம். அதனோடு பிணைந்த சைக்ளோபென்டாடையீனைல் வளையம் (ஐந்து கார்பன் வளையம்) ஒவ்வொன்றிலும் ஐந்து மெத்தில் (CH₃) இருந்தால் முனைப் பிணைப்பு. இரு உலோகங்களை இணைக்கும் நைட்ரஜனின் நீளம் 1.18. வளையத்துக்கு ஒரே ஒரு மெத்திலைக் குறைத்தால் நெரிசல் தளர்ந்து நைட்ரஜன் பக்கவாட்டில் படுக்கிறது, நீளம் 1.38! அதில் ஹைட்ரஜன் செலுத்தினால் நைட்ரஜன்–ஹைட்ரஜன் பிணைப்புகள் உருவாகின்றன. ஆனால் பக்கவாட்டு என்றாலே பிணைப்பு தளரும் என நம்பிவிடக் கூடாது: முதலில் அறியப்பட்ட சமாரியம் அணைவில் நீளம் 1.09தான்.

அடையாளம் காண்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒற்றை உலோக முனைப் பிணைப்பு அகச்சிவப்பு நிறமாலையில் 1900–2200 செ.மீ⁻¹ பகுதியில் பளிச்சென்று தெரியும். ஆனால் உலோகத்தோடு பிணைந்த கார்பன் மோனாக்சைடும் அங்கேயே வரும். பிரித்தறிய, நைட்ரஜன்-15 (நைட்ரஜனின் கனமான ஐசோடோப்பு) கொண்டு அணைவை மீண்டும் தயாரியுங்கள்: 2100-இல் உள்ள கோடு சுமார் 70 இறங்கினால் அது நைட்ரஜன்தான். சமச்சீரான பக்கவாட்டுப் பாலம் அகச்சிவப்பில் தெரியாது. ராமன் நிறமாலை (சிதறும் ஒளியை அளப்பது) வேண்டும். வெற்றிடத்தில் உலர்த்தும்போது தளர்வான முனை நைட்ரஜன் கழன்றுவிடும், ஆகவே நைட்ரஜன் ஓட்டத்தில் உலர்த்துவதே நல்லது.