பிஎஸ் 5-ஐ 'சர்வீஸ்' பண்ணக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

நன்றாக ஓடிக்கொண்டிருந்த பிஎஸ் 5-ஐ, அதாவது சோனியின் பிளேஸ்டேஷன் 5 வீடியோ கேம் கன்சோலை, நானே தூக்கிக்கொண்டு போய்க் கெடுத்த கதை இது. பெங்களூரில் பிஎஸ் 5 வைத்திருப்பவர்கள், அதிலும் வாரண்டி முடிந்தவர்கள், முழுசாகப் படியுங்கள்.

என்னுடையது 2022-ல் வாங்கிய டிஸ்க் மாடல். இந்த மார்ச்சில் ஃபேன் சத்தம் கொஞ்சம் கூடியது. வீடு அல்சூரில். எங்கள் தெருவைத் தோண்டுவார்கள், மூடுவார்கள், மறுபடி தோண்டுவார்கள். காலையில் துடைத்த டிவி ஸ்டாண்டில் சாயங்காலம் விரலால் பேர் எழுதலாம். ஆக, தூசுதான். பக்கத்து வெள்ளை மூடிகளை ஸ்க்ரூ எதுவும் தொடாமல் கையாலேயே எடுத்துவிட்டு, தூசு சேர்வதற்கென்றே உள்ளே விட்டிருக்கும் துளைகளில் வாக்குவம் கிளீனரை வைத்திருந்தால் வேலை முடிந்திருக்கும். இது எனக்குத் தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. நாலு கிலோ பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடு போனேன்.

கடையில் ஒரு பையன். கன்னடத்தில் ஆரம்பித்தவன் என் உச்சரிப்பைக் கேட்டதும் தமிழுக்கு மாறினான். "எந்த ஊருண்ணா?" வாணியம்பாடி பக்கம் என்றேன். "அட, நான் ஆம்பூருண்ணா!" அவ்வளவுதான், நான் விழுந்துவிட்டேன். தூசு எடுத்து, சிப்பின் சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டை மாற்றி, ஃபுல் சர்வீஸ் 1,800 ரூபாய் என்றான். பேரம்கூடப் பேசவில்லை. இரண்டு மணி நேரத்தில் கையில் கொடுத்தான். "கூகுள் மேப்புல ஒரு ஃபைவ் ஸ்டார் போட்டுருங்கண்ணா" என்றான். ஆட்டோவில் வரும்போதே போட்டேன்.

வீட்டில் என் மகன் ஆட உட்கார்ந்து இருபது நிமிடம் இருக்கும். கன்சோல் ரொம்பச் சூடாகிவிட்டது, அணைத்துவிட்டுச் சூடு தணியும்வரை காத்திருங்கள் என்று திரையில் வந்தது. மூன்று வருடத்தில் ஒரு தடவைகூடப் பார்க்காத அறிவிப்பு.

மறுநாள் போனேன். அதே பையன், ஆனால் முகம் வேறு. "மதர்போர்டு வீக் ஆயிருக்குண்ணா. சிப்பை ரீபால் பண்ணணும். 9,500 ஆகும்."

ரீபால் என்றால் சிப்பைக் கழற்றி, அடியில் இருக்கும் சால்டர் உருண்டைகளைப் புதுசாக வைத்து மறுபடி பற்றவைப்பது. அந்த வார்த்தையைக் கேட்டதுமே நான் திரும்பியிருக்க வேண்டும். எனக்கு அது புதுசில்லை. கல்லூரியில் படிக்கும்போது துபாயிலிருந்து அத்தை மகன் கொண்டுவந்த எக்ஸ்பாக்ஸ் 360, மைக்ரோசாஃப்டின் கேம் கன்சோல், ஒன்று இருந்தது. அந்த மாடலின் சிவப்பு வளையத்தை இப்போதும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பவர் பட்டனைச் சுற்றி மூன்று சிவப்பு விளக்கு எரிந்தால் கதை முடிந்தது. சூடாகி ஆறி, சூடாகி ஆறி, சிப்புக்குள் இருக்கும் நுண்ணிய இணைப்புகள் விரிசல் விட்டுவிடும். 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அந்தக் கோளாறுக்கு மட்டும் வாரண்டியை மூன்று வருடமாக நீட்டி, அதற்காக நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. துபாய் சரக்குக்கு இங்கே யார் பார்ப்பார்கள்? நான் ஹீட் கன், அதாவது சூடான காற்றை ஊதும் கருவி, வைத்திருந்த ஒருவரிடம் கொடுத்தேன். காட்டினார், ஓடியது. மூன்றாவது வாரம் மறுபடி சிவப்பு. விரிசல் சூட்டில் கொஞ்ச நாளைக்கு ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான்.

இவ்வளவும் தெரிந்தும் தலையாட்டினேன். நேற்றுவரை ஓடிய சிப் உங்கள் கை பட்டதும் எப்படி வீக் ஆகும் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. ஆம்பூர்ப் பையன் பொய் சொல்லமாட்டான் என்று நினைத்தேன் போல.

நாளைக்கு, நாளைக்கு என்று பதினோரு நாள். வந்ததும் டிவியில் மாட்டினால், புதுக் கன்சோல் மாதிரி மொழி என்ன, வைஃபை எது என்று கேட்கிறது. போன் போட்டேன். "அப்டேட் போட்டோம்ணா, அதுல அழிஞ்சிருச்சு." கேமில் எதுவரை ஆடினான் என்று பதிவாகியிருந்த என் மகனின் சேவ் ஃபைல் எல்லாம் போனது. பிஎஸ் 5 கேம்களின் சேவ் ஃபைலை மட்டும் தனியாகப் பென் டிரைவில் எடுத்து வைக்க முடியாது, மொத்தக் கன்சோலையும் பேக்கப் எடுத்தால்தான் உண்டு. காசு கட்டி பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா வைத்திருந்தால் மட்டும் க்ளவுடில், அதாவது சோனியின் சர்வரில், இருக்கும். நாங்கள் இரண்டும் செய்யவில்லை. சரி என்று டிஸ்கைப் போட்டேன். உள்ளே இழுத்தது, சுற்றியது, படிக்கவில்லை. வீட்டில் இருந்த எட்டு டிஸ்கும் அப்படியே.

இந்த முறை சிவாஜிநகரில் பழைய டிவி ரிப்பேர் பார்த்து வந்த ஒரு பெரியவரிடம் போனேன். அவர் கன்சோலைத் திறக்கவே இல்லை. முதலில் டிவியில் மாட்டி செட்டிங்ஸ், சிஸ்டம், சிஸ்டம் சாஃப்ட்வேர், கன்சோல் இன்ஃபர்மேஷன் என்று போனார். அங்கே இருந்த சீரியல் நம்பரைப் படித்துவிட்டு, கன்சோலைக் கவிழ்த்து ஸ்டிக்கரைக் காட்டினார். இரண்டும் வேறு வேறு. "என்னா சார், இது உங்க போர்டே இல்லியே."

அப்புறம்தான் எல்லாம் விளங்கியது. பிஎஸ் 5-ல் கேமும் சேவ் ஃபைலும் இருக்கும் எஸ்எஸ்டி சேமிப்பகம் போர்டிலேயே பற்றவைத்தது. போர்டு மாறினால் உள்ளே இருந்த அத்தனையும் அதோடு போய்விடும். டிஸ்க் டிரைவும் அதனதன் போர்டோடு மட்டும்தான் பேசும். வேறு போர்டில் மாட்டினால் சுற்றும், படிக்காது.

பிறகு திறந்து டார்ச் அடித்துக் காட்டினார். சிப்பின் சூட்டை இழுத்து வெளியேற்றும் ஹீட் சிங்க் என்னுடையதுதான். சிப்பைத் தொடும் இடத்தில் சாம்பல் நிறப் பேஸ்ட் அப்பியிருந்தது. அதன் ஓரத்தில், துடைத்தும் போகாமல், வெள்ளி மாதிரி மினுங்கும் ஒரு கோடு. அதுதான் லிக்விட் மெட்டல். பிஎஸ் 4 வரைக்கும் சாதாரணப் பேஸ்ட்தான். பிஎஸ் 5-ல் சோனி திரவ உலோகம் வைத்திருக்கிறது. 2020 அக்டோபரில் அவர்களே கழற்றிக் காட்டிய வீடியோவிலேயே சொன்னது. சூட்டை நன்றாகக் கடத்தும், ஆனால் மின்சாரத்தையும் கடத்தும். ஒரு துளி போர்டில் தெறித்து பவர் கொடுத்தால் ஷார்ட். கடைப் பையன் பிஎஸ் 4 என்று நினைத்து வழித்துப் போட்டுவிட்டு பேஸ்ட் தடவியிருக்கிறான், சூடு தாங்கவில்லை. ரீபால் என்று மறுபடி திறந்ததில் என் போர்டு செத்திருக்க வேண்டும், இது பெரியவரின் கணிப்பு. அதை மறைக்க எங்கோ கிடந்த போர்டைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

தெரியாமல் செய்த தப்பை நான் மன்னித்திருப்பேன். அதற்கு மேலே 9,500 வாங்கினார்களே, அதுதான் ஆறவில்லை.

கடைக்குப் போனேன். பையன் இல்லை, முதலாளி இருந்தார். என் போர்டு எங்கே என்றேன். "ஸ்கிராப்ல போயிருக்கும் சார்." பில் என்று என்னிடம் இருந்தது 'பிஎஸ் 5 சர்வீஸ்' என்று கிறுக்கிய ஒரு துண்டுச் சீட்டு. சீரியல் நம்பர் இல்லை, கடை முத்திரை இல்லை, பணம் போன யுபிஐ பெயரும் வேறு யாருடையதோ. நீங்கள் கொடுப்பதாக இருந்தால் செட்டிங்ஸில் இருக்கும் நம்பரையும் ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்துக்கொண்டு, அதே நம்பரைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். லிக்விட் மெட்டலை என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். முழித்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, போன் செய்து புகார் கொடுத்தேன். அந்தப் புகார் எண்ணை முதலாளிக்கு வாட்ஸ்அப் செய்த மறுநாள் 6,000 வந்தது. மீதி 5,300-ம் போர்டும் வரவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லாமல் மனு போடலாம். அந்தத் துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு எதை நிரூபிப்பது என்றுதான் யோசிக்கிறேன்.

நேற்று ராத்திரி மேப்பைத் திறந்து, ஆட்டோவில் வரும்போது போட்ட அந்த ஃபைவ் ஸ்டாரைத் தேடி எடுத்தேன். 'நம்ம ஊர்ப் பையன், கண்ணை மூடிக்கொண்டு நம்பிக் கொடுக்கலாம்' என்று எழுதியிருந்தேன். அழித்துவிட்டேன். அதற்குள் ஆறு பேர் லைக் போட்டிருந்தார்கள்.