சென்னை–மதுரை கார் பயணம்: ஆண்டு பாஸா, சாதா ஃபாஸ்டேகா?

தேசிய நெடுஞ்சாலைகளுக்கான ஆண்டு பாஸ் 2025 ஆகஸ்ட் 15-ல் வந்தபோது விலை 3,000 ரூபாய். சொந்தக் கார்களுக்கு மட்டும். ஓராண்டு அல்லது 200 கடப்புகள் (ஒரு சுங்கச்சாவடியை ஒருமுறை தாண்டினால் ஒரு கடப்பு), எது முதலில் முடிகிறதோ அதுவரை. அதாவது ஒரு கடப்புக்கு 15 ரூபாய்தான்.

சாதா ஃபாஸ்டேகில் சாவடிக்குச் சராசரியாக 75 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 40 முறை கடந்தாலே 3,000 போய்விடும். பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, சமயபுரம் என்று எண்ணிக்கொண்டே போனால் மதுரைக்குப் போய்வர ஏறக்குறைய 16 கடப்புகள். பொங்கல், கோடை விடுமுறை, தீபாவளி என மூன்று முறை ஊருக்குப் போகிறவர்கள் தயங்காமல் பாஸ் எடுக்கலாம். ஆண்டுக்கு ஒரே ஒரு பயணம் என்றால் சாதா ஃபாஸ்டேகே போதும். அதில் 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் சலுகையும் உண்டு. பாஸில் திரும்புவது இன்னொரு கடப்பு.

மாநில நெடுஞ்சாலைச் சாவடிகளில் பாஸ் செல்லாது. அங்கே ஃபாஸ்டேக் வாலட்டிலிருந்துதான் பணம் போகும், அதனால் இருப்பு வைத்திருங்கள்.

சரி, பெட்ரோல்? போகவர சுமார் 920 கி.மீ.; லிட்டருக்கு 15 கி.மீ. கிடைத்தால் 61 லிட்டர். பெரிய செலவு இதுதான், எந்த ஃபாஸ்டேக் வைத்திருந்தாலும்.